பதினான்காம் இலக்கம்

கச்சான் காற்று எழும்பி மூன்றாம் கிழமை.
வட்டையில் அரிதாள் கருகி
வாய்க்கால் தன் அடிமணலைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
கரடியனாறு தாண்டி, மோட்டார் சைக்கிள்கள்
இனி ஏலாது என்று நின்ற இடத்திலிருந்து
நடை நாலு கிலோமீற்றர்.

நாடாவின் நுனி பிடிக்க இம்தாத்,
திசைகாட்டி பார்க்க டெரன்ஸ்,
கொப்பியில் எழுத நான்.
சம்பளம் இல்லை. தண்ணீர் ஆளுக்கு மூன்று போத்தல்.
சனிக்கிழமைகளில் கல்லுக்குள் நுழைந்து வருகிறோம் என்றால்
வீட்டில் சிரிப்பார்கள்.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
நீளம், அகலம், முகப்பின் உயரம், தரை,
வௌவால் உண்டா.
முதலாவது குகை ஓர் எருமை படுக்கும் அளவு.
ஆறாவதில் கிடந்த முள்ளம்பன்றி முள்ளை
இம்தாத் காதில் செருகிக்கொண்டான்.
ஒன்பதாவதில் கூரை முழுக்கப் புகைக்கரி,
ஒற்றைச் செருப்பு, சேலைன் போத்தல்,
ஏழாம் வாய்ப்பாட்டோடு நின்றுபோன ஒரு கொப்பி.
தொண்ணூறா, இரண்டாயிரத்து ஏழா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தரை என்ற கட்டத்தில்
காய்ந்த மண் என்று எழுதினேன்.

பதினான்காவதைக் காட்டியவர்
பட்டிக்காரர் பத்தக்குட்டி.
மாடு தேடிய நாளில் மழைக்கு ஒதுங்கினாராம்.
பாறையின் நெற்றியில்
மழைநீர் உள்ளே வழியாதபடி
யாரோ ஒரு புருவம் வெட்டியிருந்தார்கள்,
அவசரமில்லாத உளியால்.
அதன் கீழே எழுத்துகள், பதினொன்று:
கூட்டல் குறி போல் ஒன்று,
புள்ளி வைத்த வட்டம் ஒன்று,
மீன் மாதிரி ஒன்று.

டெரன்ஸ் திசைகாட்டியை மூடினான்.
“எழுதாதீங்க மகள்” என்றார் பத்தக்குட்டி.
“எழுதினாப் பலகை வரும்.
பலகைக்குப் பின்னால கம்பி வரும்.
கம்பிக்கு அங்கால என்ட மாடு போக ஏலா.
மறுகா என்னையே கேப்பாங்க,
ஆர் நீ எண்டு.”

எந்த மொழி என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
பேசினால்
மூன்று பேர் மூன்று பேராகிவிடுவோம் போலிருந்தது.

அளந்தது மட்டும் அளந்தோம்.
நாடா இருட்டுக்குள் போய்
வௌவால் எச்சத்தோடு திரும்பியது.
எட்டு மீற்றர் இருபது.
படம் எடுக்கவில்லை.
பதின்மூன்றின் கீழே பதினைந்து என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்.

மாரி வந்து போனது.
தை முடிவில் பத்தக்குட்டி போன் எடுத்தார்:
“ஒருக்கா வாங்க.”
வேறொன்றும் சொல்லவில்லை.

காடு அடையாளம் தெரியாத பச்சை.
புருவம் இருந்த இடத்தில்
துளை போட்ட வடுக்கள், வெடியின் மஞ்சள்,
வெட்டிய எலுமிச்சம்பழம் இரண்டு,
நனைந்த சேவலிறகு.
புதையல் தேடி வந்தவர்களுக்கு
எந்தப் பலகையும் தேவைப்பட்டிருக்கவில்லை.
பத்தக்குட்டி உடைந்த கல்லொன்றைக்
காலால் புரட்டிப் புரட்டி நின்றார்.
அடிப்பக்கமும் வெறுங்கல்தான்.

அன்றிரவு ஏறாவூர்த் தேத்தண்ணிக் கடையில்
சிகரெட் பெட்டியைப் பிரித்து
உள்வெள்ளையில் வரைந்து பார்த்தோம்.
கூட்டல் குறி முதலாவது என்றான் இம்தாத்.
மூன்றாவது என்றான் டெரன்ஸ்.
மீனுக்கு வால் இருந்ததா?
எட்டு எழுத்துக்கு மேல் எனக்கு வரவில்லை,
அந்த எட்டிலும் இரண்டு நானே செய்தவை.
கடைக்காரர் மேசை துடைக்க வந்தபோது
பெட்டியைத் தூக்கிப் பிடித்தோம்.
எட்டு மீற்றர் இருபது என்பதில் மட்டும்
மூவரும் ஒன்று.

கொப்பி என்னிடம் இருக்கிறது.
பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே
நான் ஒரு வரிகூட விடவில்லை.
இனி எழுதுவதென்றால்
ஓரத்தில், குறுக்கே,
சின்ன எழுத்தில்தான் எழுதவேண்டும்,
மழை உள்ளே வராதபடி
ஒரு கோடு.